ஏழாம் கூண்டும் பேன் மருந்தும்

குளவி என்றதும் எல்லோரும் கன்னத்தைத் தடவிக்கொள்கிறார்கள். எப்போதோ எங்கேயோ வாங்கிய கொட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. பதினோரு வருடமாக ஒரே பதிலைச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது: எங்கள் குளவி யாரையும் கொட்டாது. எறும்பைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். செம்மண் நிறம், உடம்பைவிட நீளமான மீசை, பெண்ணாக இருந்தால் பின்னால் ஊசி மாதிரி ஒரு வால். அந்த வாலைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது நமக்கானதே இல்லை. பழ ஈயின் புழுவுக்கானது.

விஷயம் இதுதான். பழ ஈ கொய்யாவுக்குள் முட்டையிடும். புழு உள்ளே உட்கார்ந்து தின்னும். வெளியே பழம் தளதளவென்று இருக்கும், வெட்டினால் கூழ். எங்கள் குளவி அந்தப் பழத்தின் மேல் வந்து உட்கார்ந்து, உள்ளே புழு நெளிவதைக் காலாலேயே கண்டுபிடிக்கும். வாலைத் தோலுக்குள் இறக்கிப் புழுவின் உடம்பிலேயே தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். மூன்று வாரம் கழித்து அந்தப் புழு கட்டிய கூட்டிலிருந்து ஈ வராது, குளவி வரும். தோட்டக்காரர் மருந்து தெளிக்க வேண்டிய வேலை குறையும். இதைக் கேட்டுவிட்டு "ஐயோ, அந்தப் புழு பாவம்" என்று சொல்கிறவர்களிடம் நான் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வேன். கொய்யா தின்னும்போது யாரும் புழுவுக்காக அழுது நான் பார்த்ததில்லை.

இந்தக் குளவிகளை வளர்க்கும் கூடத்தில்தான் எனக்கு வேலை. ஆள் உள்ளே போய் நிற்கிற அளவுக்குப் பெரிய வலைக்கூண்டுகள் எட்டு. ஏழாவது என் பொறுப்பு. தினமும் உள்ளே போய், தேன் தோய்த்த பஞ்சுகளை மாற்றி, தண்ணீர் தெளித்து, செத்ததைப் பெருக்கி எடுப்பேன். கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் இவ்வளவு சின்ன உடம்பு எதையும் தாங்காது. கொசுவத்தி ஏற்றிய அறையில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் போதும், சாயங்காலம் பாதிக் கூண்டு தரையில் கிடக்கும். அதனால் எங்களுக்கு வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, தலைக்கு மணக்கிற எண்ணெய் கிடையாது. வாசலில் எங்கள் பொறுப்பாளர் நின்று ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். எதிரே மேடம் என்போம், முதுகுக்குப் பின்னால் மூக்கம்மா. கல்யாணமான மறுநாள் வேலைக்கு வந்த ஒருவனை, "போய் இன்னொரு நாள் குளிச்சிட்டு வா" என்று திருப்பி அனுப்பியவர்.

கல்யாணம் என்றதும் என்னுடையது ஞாபகம் வருகிறது. நாற்பத்து நாலு வயதில் எனக்குக் கல்யாணம் என்றபோது என் சொந்த அண்ணனே, "யாருக்கு, இவனுக்கா?" என்று கேட்டான். அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தோட்டம் ஒன்றில் விடுவதற்காகக் குளவிப் பெட்டிகளை மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"கூட எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டாயிரம்."

"எல்லாருக்கும் டிக்கெட் இருக்கா?"

அதிலிருந்து ஒன்றரை வருடம் நான் வேண்டுமென்றே அதே ரயிலில் போனேன் என்பது வேறு கதை. அவள் கணவர் நோயில் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு பெண் குழந்தை. இப்போது எட்டு வயது.

அந்தப் பிள்ளைக்கு என்னை முதலில் அறிமுகப்படுத்தியபோது அவள் அம்மா "பூச்சி சார்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பூச்சி உதிர்ந்துபோய் சார் மட்டும் மிச்சம். பதிவு முடிந்த அன்றைக்கு அவளுடைய அத்தை, இறந்தவரின் தங்கை, எல்லோர் முன்னாலும் "இனிமே அப்பான்னு கூப்பிடுடி" என்று அதட்டினாள். பிள்ளை தரையைப் பார்த்தது. "சார்னே இருக்கட்டுமே, ஆபீஸ்லகூட என்னை யாரும் சார்னு சொல்றதில்ல" என்று நான் சமாளித்தேன்.

பிள்ளைக்கு என்மேல் வெறுப்பு இல்லை. வெறுத்திருந்தால்கூடச் சமாதானம் பண்ணியிருக்கலாம். மரியாதையாக இருக்கிற பிள்ளையை என்ன பண்ணுவது? சோபாவில் நான் இந்த முனையில் உட்கார்ந்தால் அவள் அந்த முனை, நடுவில் இரண்டு தலையணை. ஏதாவது கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி "தேங்க்ஸ் சார்" என்பாள். ஒன்பது மாதமாக எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அந்தப் பிள்ளை தானாக ஒரு தடவை என் பக்கத்தில் வர வேண்டும். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாமாகப் போய் இழுத்து அணைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது, வருகிறபோது வரட்டும் என்று இருந்தேன். ஆனால் சோபாவில் அந்த இரண்டு தலையணையைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையாவது எடுத்துவிடலாமா என்று கை போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பினாள். பிள்ளையும் நானும் தனியாக ஒரு வாரம். திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்தவள் தலையில் மாட்டிய தொப்பியைக் கழற்றவே இல்லை. மேஜையில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளியிலிருந்து வந்த காகிதம். தங்கள் பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறது, உடனே மருந்து போட்டு அனுப்பவும்.

கதவைத் தட்டினேன். தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பெஞ்சுல என் பக்கத்துல யாரும் உட்காரல சார்."

"எப்பலேருந்து?"

"காலைலேருந்து. மிஸ் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க."

அந்த மிஸ் மேல் எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் அச்சில் வராது. மென்று விழுங்கினேன். இந்த மாதிரி நேரத்தில் நல்ல அப்பாக்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஒண்ணு பிடிச்சுப் பாக்கலாமா?"

"எதை?"

"பேனைத்தான். என்கிட்ட பூதக்கண்ணாடி இருக்கு."

திரும்பிப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினாள். அவளே விரலால் துழாவி ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் விட்டாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். எங்கள் தலைகளுக்கு நடுவே அப்போதும் ஒரு சாண் இடைவெளி இருந்தது, அதை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"கால் நுனியில பாரு, கொக்கி மாதிரி. முடியைப் பிடிச்சுக்கிறதுக்கு."

"வயித்துக்குள்ள சிவப்பா ஏதோ தெரியுது சார்."

"உன் ரத்தம்தான்."

"என் ரத்தமா? திருட்டுக் கழுதை!" என்று சிரித்துவிட்டாள். நான் சொன்னதற்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே முகத்தைச் சரிபண்ணிக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். அம்மாகிட்டகூட. நான் எப்பவாவது நானே சொல்லிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன்."

மருந்துக் கடையில் வாங்கிய குப்பியின் லேபிளைத் தெருவிளக்கடியில் நின்று படித்தேன். தோட்டங்களில் ஈக்குத் தெளிக்கிற விஷத்தின் தம்பிதான் அது. எங்கள் கூடத்தில் அந்தப் பெயரை உச்சரித்தாலே மூக்கம்மா முறைப்பார். ஆகவே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காரியம் பார்த்தேன். பால்கனியில் அவளை முக்காலியில் உட்காரவைத்து, கையுறை மாட்டி, பழைய மழைக்கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மருந்தைத் தேய்த்தேன். பத்து நிமிஷம் ஊறவைத்து அலசினேன். வெள்ளைத் துண்டின் மேல் சீப்பால் வாரினேன். விழுந்தது ஒவ்வொன்றையும் அவள் சத்தமாக எண்ணினாள். முடிந்ததும் துணிகளைப் பையில் கட்டி வெளியே வைத்து, நான் இரண்டு தடவை குளித்தேன். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லாவிட்டால், மறுநாள் நடந்ததைக் கேட்டதும் என்னை விவரம் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். எனக்கு விவரம் எல்லாம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை வாசல் பக்கம் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். பள்ளி வேன் வருகிற நேரம். பின்னாலிருந்து இரண்டு கை என் கழுத்தைச் சுற்றின. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் ஒரு தலை வந்து சாய்ந்தது. முடி இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. நான் அசையவில்லை, அசைந்தால் கலைந்துவிடும் என்று பயம். ஒரு நிமிஷம் இருக்கும். இல்லை, அதுகூட இருக்காது. கீழே ஹாரன் சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டாள்.

ஒரு காலில் மட்டும் ஷூவோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு குளியலறைக்குப் போனேன். சோப்பைக் கையில் எடுத்துக் குழாயைத் திறந்தேன். மருந்து அலசிய தலைதான், ஆனாலும் முடியில் கொஞ்சமாவது தங்கியிருக்கும், கழுத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அந்த இடம் மட்டும் இன்னும் சூடாக இருந்த மாதிரி இருந்தது. குழாயை மூடிவிட்டேன். ராத்திரிதான் அவ்வளவு அலசியாயிற்றே, என்ன ஒட்டியிருக்கப் போகிறது என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். அது சாக்கு என்று அப்போதே தெரியும்.

கூடத்தில் வழக்கம்போல உடை மாற்றி முழங்கைவரை கழுவினேன். மூக்கம்மா முகர்ந்து பார்த்து, "போங்க" என்றார். அந்த மருந்துக்கு அலசிய பிறகு வாசனை இல்லை. கூண்டுக்குள் அன்று புழுக்கம். குளவிகள் வழக்கம்போல வேர்வையைத் தேடி என் கழுத்தில் வந்து உட்கார்ந்தன. உள்ளங்கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். அதே கையால் தேன் பஞ்சுகளை மாற்றினேன்.

மதியம் போய்ப் பார்த்தபோது தரையில் பழுப்பாகத் தூசி மாதிரி இருந்தது. குனிந்தால் தூசி இல்லை. மல்லாந்து கிடந்து காலை மடக்கிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. சிலது எழுந்து நடக்கப் பார்த்தன, இரண்டடி எடுத்து வைத்து மறுபடி சாய்ந்தன. தேன் பஞ்சுகளைச் சுற்றித்தான் குவியல். மூன்று மணிக்கு வலையில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஆறாயிரம் பெண் குளவி. வெள்ளிக்கிழமை கொய்யாத் தோட்டத்துக்குப் போக வேண்டியவை. எங்களை நம்பித் தோட்டக்காரர் இந்தத் தடவை மருந்து தெளிக்காமல் காத்திருந்தார்.

என்ன நடந்தது என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய பயம் வேறு. பேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்து இன்னும் ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அதைவிட, நீ சாய்ந்ததால் ஆறாயிரம் செத்தது என்று அவள் காதில் விழுந்தால் இந்த ஜென்மத்தில் என் பக்கத்தில் வரமாட்டாள்.

புதன்கிழமை விசாரணை. மூக்கம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வீட்டில் கொசுவத்தியா, நாய்க்கு உண்ணி மருந்தா, பக்கத்து வீட்டில் கரப்பான் மருந்தா. கடைசியில் சந்தேகம், எங்களுக்குப் பஞ்சில் தேன் தோய்த்துத் தரும் பெண் மேல் வந்து நின்றது. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தண்ணீரிலேயே கை ஊறி வெடித்துப்போனதால் ராத்திரியில் ஏதோ கிரீம் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வெடித்த இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு, "வாசனை இல்லாததுதான் மேடம், மருந்துக் கடையில கேட்டுத்தான் வாங்கினேன்" என்று அழுதாள்.

நான் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு நேரம்தான் யோசித்தேன். பிறகு மூக்கம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்தப் பொண்ணு இல்ல மேடம். நான்தான். பேன் மருந்து."

"உங்களுக்கா?"

"பிள்ளைக்கு. காலையில கழுத்துல தலையைச் சாய்ச்சா. நான் கழுவாம வந்துட்டேன்."

"பதினோரு வருஷமா வேலை பாக்குறீங்க. மறந்துட்டீங்கன்னு சொன்னா நான் நம்பணுமா?"

"மறக்கல மேடம். ஒன்பது மாசத்துல முதல் தடவையா அவ என்கிட்ட வந்தா."

மூக்கம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பதிவேட்டைத் திறந்து என் பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். பேன் என்றோ பிள்ளை என்றோ எழுதவில்லை. அதற்காக நான் அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டவன், இனிமேல் அவரை மூக்கம்மா என்று சொல்வதில்லை என்றுகூட ஒரு கணம் முடிவு பண்ணினேன்.

"ரெண்டாவது தடவை எப்ப போடணும்?"

"ஏழு நாள் கழிச்சு. ஈர் பொரியும்ல."

"அப்ப அந்த மருந்தும் தலையை விட்டுப் போகப் பத்து நாள் ஆகும். ரெண்டுல ஒண்ணுதான். நாலாம் கூண்டுக் குளவிங்களை வெச்சு மறுபடி ஆரம்பிச்சு ஏழாம் கூண்டை நிரப்பணும், அதுக்கு உங்க கை வேணும். அதுவரைக்கும் பிள்ளையை யாராவது சொந்தக்காரங்க வீட்டுல விடுங்க, இல்ல தள்ளி இருங்க. முடியாதுன்னா கூண்டுப் பக்கம் வராதீங்க. நாளைக்குச் சொல்லுங்க."

பிறகு தேன் தோய்க்கும் பெண்ணை அவரே கூப்பிட்டு, "உன் கிரீம்ல ஒண்ணும் இல்லம்மா. தப்பா நினைச்சிட்டேன்" என்றார்.

சாயங்காலம் மனைவி போனில் கூப்பிட்டாள். பால்கனியில் நின்று பேசினேன். குரலைக் கேட்டதுமே, "என்ன ஆச்சு?" என்றாள். பூசி மெழுகத்தான் பார்த்தேன். இருபது வருடமாக டிக்கெட் இல்லாதவர்களைக் கண்ணைப் பார்த்துப் பிடிக்கிறவள், குரலை வைத்துப் பிடித்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கொட்டிவிட்டேன். பேன், மருந்து, கழுத்து, ஆறாயிரம்.

"தலையைச் சாய்ச்சாளா?" என்றாள்.

"கூண்டு முழுக்கப் போயிடுச்சுன்னு சொல்றேன்."

"அது இருக்கட்டும்ங்க. தலையைச் சாய்ச்சாளா?" என்று மறுபடி கேட்டாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் என்னவோ சொல்லிக்கொண்டே திரும்பினேன். பால்கனிக் கதவருகே பிள்ளை காலித் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

வியாழக்கிழமை காலை பிள்ளை தலையைச் சுற்றி இறுக்கமாகத் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். மேஜைக்கு வரவில்லை. ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பால் கொண்டுபோனேன். பின்னால் நகர்ந்தாள்.

"அங்கேயே வைங்க சார். நான் எடுத்துக்கிறேன்."

வைத்தேன். ஒன்பது மாதம் இரண்டு தலையணையாக இருந்த இடைவெளி இப்போது ஓர் அறை. வாக்குத் தவறியவன் என்று பெயர் வாங்கியாயிற்று, இனி மரியாதைகூட மிஞ்சாது என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

வாசலிலேயே மூக்கம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நான் தோட்டத்துக்குப் போறேன் மேடம். பழம் பொறுக்க."

அது புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை. வெயிலில் மரத்தடியில் குனிந்து, விழுந்து அழுகிய கொய்யாவை வாளியில் சேகரித்து, வெட்டி, புழுவை எண்ண வேண்டும். பதினோரு வருடம் ஆனவன் கேட்கிற வேலை இல்லை.

"ஏழாம் கூண்டை யார் பாக்கறது?"

"தேன் தோய்க்கிற பொண்ணு பாக்கட்டும். நல்ல கை. நான் எழுதித் தர்றேன்."

"பிள்ளை என்ன சொல்றா?"

"கிட்டவே வரமாட்டேங்கிறா மேடம்."

"அப்புறம் எதுக்கு? பத்து நாள் தள்ளித்தானே இருக்கப்போறீங்க, இங்கேயே இருக்கலாமே?"

"திடீர்னு வந்தா நான் தள்ளி நிக்கக் கூடாதுல்ல."

அவர் பழக்கதோஷத்தில் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "தொப்பி எடுத்துட்டுப் போங்க, வெயில் ஜாஸ்தி" என்றார்.

சாயங்காலம் நான் திரும்பியபோது பிள்ளை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. தலையில் அதே துண்டு. பள்ளிக்கும் அதோடுதான் போயிருக்கிறாள். நான் கதவருகேயே நின்றேன்.

"உனக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டேன். ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டேன். எங்க மேடம்கிட்ட, அப்புறம் அம்மாகிட்ட. தப்புதான். மன்னிச்சிடும்மா."

"அதுக்கில்ல சார்."

"பின்ன என்ன?"

பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டாள். "ஆறாயிரமும் செத்துப்போச்சா?"

"ஆமா."

"என்னாலயா?"

காலையில் அவள் ஏன் நகர்ந்தாள் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. கோபம் இல்லை. என் குளவிகளுக்காகத் துண்டு கட்டிக்கொண்டு, நாள் முழுக்க இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை.

"உன்னால இல்ல. நீ தலையைச் சாய்ச்ச. அதுல ஒரு தப்பும் இல்ல. அதுக்கப்புறம் கழுவிட்டுப் போக வேண்டியது என் வேலை. நான் கழுவல."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

"மறக்கல. குழாயைத் திறந்தேன். மறுபடி மூடிட்டேன்."

"ஏன்?"

"கழுவ மனசு வரல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, என்னிடம் சொல்வது மாதிரி இல்லாமல் நோட்டிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"அப்பாவோட சட்டை ஒண்ணு கதவுக்குப் பின்னாடி மாட்டியிருந்துச்சு. அப்பா போனதுக்கு அப்புறமும் அங்கேயே இருந்துச்சு. நான் தினமும் அதுக்குள்ள மூஞ்சியை வெச்சுப்பேன். யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஸ்கூல்லேருந்து வந்தேன். அம்மா அதைத் துவைச்சுக் காயப்போட்டிருந்தாங்க. எடுத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்துச்சு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. அம்மா பாவம். அவங்களுக்குத் தெரியாதுல்ல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்களா இருந்தா துவைச்சிருப்பீங்களா சார்?"

"மாட்டேன்."

"அழுக்கா இருந்தாக்கூட?"

"எவ்வளவு அழுக்கா இருந்தாலும்."

நோட்டை மூடி வைத்தாள். "நாளைக்கும் கூண்டுக்குப் போவீங்களா?"

"இல்ல. பத்து நாளைக்குத் தோட்டம்தான். கொய்யாப்பழம் பொறுக்கற வேலை."

"அங்க குளவி இருக்கா?"

"இன்னும் விடவே இல்ல. பழ ஈதான் இருக்கு. அது என் கழுத்துல உட்கார்ந்து செத்துச்சுன்னா கொய்யாக்காரர் உனக்கு ஒரு கூடை பழம் அனுப்புவார்."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள். நான் அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலை வந்து சாய்ந்தது. அழுதாள். விக்கி விக்கி, மூச்சு வாங்கி, சட்டை நனைய நனைய அழுதாள். அது எனக்காக இல்லை, குளவிகளுக்காகவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அது அவள் அப்பாவுக்கான அழுகை. அதை அழுவதற்கு என் தோளுக்கு வந்தாள், எனக்கு அது போதும். முதுகைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.